நான்கு இலக்கப் பெயர்கள்

எங்கள் தெரு முனையிலிருந்து காலையில் மூன்று கம்பெனி பஸ்கள் கிளம்பும். மூன்றும் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவை. அம்மாவும் பல வருடம் அப்படிப் போனவள்தான். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன். படித்ததற்கு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் பேசிக்கொள்ள ஓர் இணையதளம் தொடங்கினேன். மென்பொருளை யாரோ எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மூலநிரலோடு இலவசமாகத் திறந்து வைத்திருந்தார்கள். ‘சொந்தப் பெயர் வேண்டாம். நீங்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது’ என்று முகப்பில் நானே எழுதினேன்.

முதலில் சேர வந்தவர் எதிர்வீட்டு அக்கா. பெயர்க் கட்டத்தில் ‘மல்லிகை’ என்று தமிழில் அடித்தார். சிவப்பில் பிழை வந்தது. ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்தான் அதற்கு ஆகும்போல.

“இன்னாடா, படிச்சவன் சைட்டுக்குத் தமிழ் தெரியாதா?”

“ஏதாவது நம்பர் போடுக்கா, எடுத்துக்கும்.”

போட்டார், எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். பட்டியலில் நான்கு இலக்க எண்களாக வந்து விழுந்தன. ஆள் சேர்கிற சந்தோஷத்தில் அவை என்ன எண்கள் என்று நான் யோசிக்கவில்லை. நான்கு இலக்க எண் அச்சடித்த அம்மாவின் டோக்கன் கார்டு இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்த எண்தான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு ஷூவின் அடிப்பாகத்தில் பசை தடவுகிற வேலை. ஒரு நாள் சாயங்காலம் தளத்தில் எழுதினார்: வாடையை வெளியே இழுக்கும் ஃபேன் ஓடுவதில்லை, இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள், கேட்டால் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு வா என்கிறார்கள். பதில்கள் குவிந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் கையில் ஃபோனோடு வந்து பதிவின் மேலிருந்த எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டாராம். தினமும் கூப்பிடுவதுதானே என்று அக்கா “இருக்கேன் சார்” என்று கை தூக்கியிருக்கிறார்.

அன்று முழுக்க கேட் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எழுதியது பொய் என்று கடிதம் தந்தால் வேலை, இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா வெள்ளைத்தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் பதிவை நீக்கியிருந்தேன். நீக்கும் வழியைத் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் தேடியபோது, தமிழ்ப் பெயரை அனுமதிக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. ஒரே அழுத்து.

“தப்பு என்னுதுக்கா. நான் வந்து சொல்றேன்.”

“நீ யாரு அங்க வந்து சொல்ல? பேஜார் பண்ணாம எழுது. உன் கையெழுத்து அழகா இருக்கும்.”

“ரெண்டு பேர் விழுந்தது நெசந்தானே?”

“நெசந்தான். பொய்னு எழுது. எனக்கு வேலை வேணும்டா.”

எழுதினேன். ‘யாரும் மயங்கி விழவில்லை’ என்ற வரியில் பேனா நின்றது. அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டு, நான் சொல்லாமலே கீழே அந்த நான்கு இலக்கங்களையும் எழுதினார்.

“நம்பர் எதுக்குக்கா?”

“அது இல்லன்னா யாருதுன்னு எப்படித் தெரியும்?”

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினார். ஃபேன் ஓடுகிறதா என்று நான் இதுவரை கேட்கவில்லை.