கழுத்துக்குக் கீழே

லேப்பில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். காலை எட்டரை மணியிலிருந்து நாலு மணி வரை வருகிறவர்கள் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் இரண்டு தரம் குத்தித் தோற்றுப்போன கைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். எந்த நரம்பும் அவளிடம் ஒளிந்துகொள்ள முடியாது. நாள் முழுக்க வெள்ளைக் கோட்டு. அதற்குள்ளே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

அதனாலேயோ என்னவோ, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் அரை மணி நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆறரைக்கு மொட்டை மாடி. அந்நேரம் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வெயில் சாய்வாக விழும். ஸ்டூலின்மேல் ஒரு செங்கல், செங்கல்மேல் போன். பத்து நொடி டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் நிற்பாள். ஒரு நாள் செத்துப்போன அப்பாவின் கோடு போட்ட சட்டையைக் கை வெட்டி மேல்கோட்டாகப் போட்டிருப்பாள். இன்னொரு நாள் கணவனின் மூன்று பழைய டைகளைப் பின்னி பெல்ட்டாகக் கட்டியிருப்பாள். சாம்பல் நிறப் பாவாடைக்குக் கீழே ஒரு காலுக்குச் சிவப்பும் ஒரு காலுக்குப் பச்சையுமாக காலுறை.

முகம் மட்டும் படத்தில் இருக்காது. சப்பை மூக்கு, ஏறிய முன்பல். எதற்கு வம்பு என்று கழுத்தோடு வெட்டிவிட்டுத்தான் இணையத்தில் தன் பக்கத்தில் போடுவாள். அங்கே பேரும் கிடையாது. மூன்று வருடத்தில் நானூறு படம், பார்க்க வந்தவர்கள் அறுபது பேர். வீட்டிலும் அதைக் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்னதென்று அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஆளிடம், கணவனின் தங்கையிடம். நாத்தனார் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. "நல்லாருக்கு அண்ணி" என்றாள். ஊசியக்காவுக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

ஒரு திங்கட்கிழமை, ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண், ஊசியைப் பார்க்கப் பயந்து மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க மாதிரி உடுத்தணும்னு ஆசை" என்று திருப்பிக் காட்டினாள். அப்பாவின் கோடு போட்ட சட்டை. கீழே நாத்தனாரின் பேர், நாத்தனாரின் சிரித்த முகம், உடுத்தும் கலையைக் கற்றுத் தருவதாக ஓர் அறிவிப்பு, பார்க்க வந்தவர்கள் எண்பதாயிரம் பேர். ஊசியக்கா ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள், மூன்று குழாயை நிரப்பினாள், பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள். பிறகு கழிப்பறைக்குப் போய் நானூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். எல்லாமே நாத்தனாரின் பக்கத்தில் இருந்தது.

சாயங்காலம் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவள் மறுக்கவே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"முகமே இல்லாத போட்டோ அண்ணி. யாரு போட்டா என்ன? உங்களை யாரு பாக்கப் போறா?"

கணவனிடம் சொன்னதற்கு, குடும்பத்துக்குள்ளே எதற்குப் பெரிசு பண்ணுகிறாய், சின்னப் பெண்தானே என்றான். சின்னப் பெண்ணுக்கு வயது முப்பத்தெட்டு. ஊசியக்கா சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். யாரு பாக்கப் போறா, யாரு பாக்கப் போறா என்று குழாய்த் தண்ணீர் கூடச் சொல்வது போலிருந்தது. அன்றைக்குக் கறுவ ஆரம்பித்தவள்தான்.

அவள் சண்டை போடவில்லை, பக்கத்தை மூடவில்லை. முன்னைவிட அழகாகப் படம் எடுத்துப் போட்டாள். நாத்தனாரும் கூச்சமில்லாமல் வாரிக்கொண்டே இருந்தாள். பிறகு ஊசியக்கா அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய ஜன்னல் திரையை எடுத்தாள். கடுகு நிறம், கனமான துணி. ஒரு தையல்கூட இல்லாமல் அதைத் தோளிலிருந்து கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாக விழும் அங்கியாக்கினாள். முன்னாலிருந்து பார்த்தால் அருவி. பின்னாலோ பதினான்கு துணிக் கிளிப்பும், ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியும், முதுகில் செருகிய ஒரு மரக் கரண்டியும். அதை உடுத்திக்கொண்டு ஓர் அடி நடக்க முடியாது, மூச்சை இழுத்துவிட முடியாது. டைமர் ஓடிய பத்து நொடியும் பொம்மை மாதிரி நின்றாள்.

மறுநாளே அது நாத்தனாரின் பக்கத்தில் ஏறியது. ஒரே வாரத்தில் எங்கே பார்த்தாலும் கடுகு நிற அங்கி. ஊரின் பெரிய துணிக்கடை ஒன்று தன் புதுக் கிளையின் திறப்பு விழாவில் அதை மேடையிலேயே கட்டிக் காட்டும்படி நாத்தனாரைக் கூப்பிட்டது. அவளும் பெருமையில் ஒப்புக்கொண்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணி வீட்டுக்கு வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. எத்தனை தரம் கட்டினாலும் நழுவுகிறது என்றாள். எப்படி நின்றது என்று கெஞ்சிக் கேட்டாள். கணவனும் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடு, சொல்லிக்கொடு என்றான்.

"முகமே இல்லாத போட்டோதானேம்மா" என்றாள் ஊசியக்கா. "யாரு கட்டினா என்ன? நீயே கட்டிடு."

விழாவுக்குப் போனபோது அதே அங்கியை உடுத்திக்கொண்டு போனாள். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உள்ளே வார் வைத்து, ஓடினாலும் அவிழாதபடி தைத்தது. மேலே லேப் கோட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் மாடல் பெண் ஒருத்தி நின்றாள். நாத்தனார் துணியைத் தோளில் போட்டு மடித்தாள், சரிந்தது. மறுபடி மடித்தாள், மறுபடி சரிந்தது. இருபது நிமிடம். முதலில் கூட்டம் பொறுத்துக்கொண்டது, பிறகு இருமியது, பிறகு சிரித்தது. கடைசியில் துணி மொத்தமும் அந்தப் பெண்ணின் காலடியில் குவிந்தபோது நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசியக்கா போனை எடுத்து அந்த முகத்தைப் படம் பிடித்தாள். அப்புறம்தான் எழுந்து கோட்டைக் கழற்றினாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் மேடை ஏறவில்லை. நடைபாதையில் கடை வாசல் வரை நடந்து திரும்பி வந்தாள். ஒரு மடிப்புக் கலையவில்லை. கடை மேலாளர் ஓடிவந்து யாரென்று கேட்டார். வெட்டாத மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்: கோடு போட்ட சட்டை, டை பெல்ட், திரைச்சீலை, எல்லாவற்றின் மேலேயும் அதே சப்பை மூக்கு, அதே ஏறிய பல்.

"நான்தாங்க அது" என்றாள், முன்வரிசை வரை கேட்கும்படி.

நாத்தனாரின் பக்கம் அந்த வாரமே மூடப்பட்டது. பெரியவர்கள் போன் போட்டு, ஒரு துணிக்காக இவ்வளவு வஞ்சமா என்று கேட்டார்கள். ஊசியக்காவும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள். வரவில்லை. நன்றாகத் தூங்கினாள், நன்றாகப் பசித்தது.

இப்போது முகத்தோடுதான் படம் போடுகிறாள். மூக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதத்தான் செய்கிறார்கள். முதல் மாதம் வலித்தது. போன வாரம் கணவன் மொட்டை மாடிக்கே வந்துவிட்டான். தங்கை ஊர் மாறிப் போகிறாளாம். மேடையில் எடுத்த அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடு என்றான். அதை அவள் எங்கேயும் போடவில்லை, யாரிடமும் காட்டவில்லை.

"இன்னும் ஆத்திரம் தீரலையா உனக்கு?"

"அதெல்லாம் அன்னிக்கே தீந்துடுச்சுங்க" என்றாள். "இது நான் எடுத்ததுலயே நல்ல படம். எப்படி அழிப்பேன்?"

அவன் இறங்கிப் போனதும் படத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கீழே இறங்கினாள்.