ராட்டினத்தடியில் ஐந்து தடவை

போன மாதம் என் தம்பியின் பேத்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு செல்போனைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தோடு தீம் பார்க் போகிறார்களாம். அலுப்பில்லாமல் சந்தோஷமாக இருந்துவிட்டு வர என்னென்ன செய்ய வேண்டும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். காலுக்கு இதமான செருப்பு போடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். பசித்தால் தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், போனதும் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

"அத்தப்பாட்டி, உனக்கு எது வேணும் சொல்லு, அதுல மொதல்ல ஏறலாம்" என்றாள்.

"எனக்கு ஒரு எழவும் வேணாம், போடி" என்று சொல்லிவிட்டேன். குழந்தை முகம் வாடிப்போயிற்று. அவளிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தக் கோபம் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கோபம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். அன்று அவள் மேல் விழுந்தது.

இப்படிப்பட்ட யோசனைகள் என் அம்மாவிடமும் இருந்தன. ஆனால் எல்லாம் தலைகீழ். ஜன்னலோரம் உட்காராதே. தண்ணி குடிக்காதே. ஒன்றும் தின்னாதே. ராட்டினத்தில் மட்டும் ஏறவே ஏறாதே.

எங்கள் வீடு அம்பத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நிலம் நீச்சு போன பிறகு அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகள் நானும், என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியும்தான். அறுபதுகளின் கடைசியில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் ஆவடிக்காரர்கள். பதினோரு பேர் வந்து கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தார்கள். ஊர் என்ன ஊர், சைக்கிளை மிதித்தால் அரை மணி நேரம். லெட்டர் வரவில்லை. ஆனால் தெருக்குழாயில் குடத்தை வைத்தவுடன் ஒவ்வொருத்தியும் கேட்டாள், "இன்னாமா, அவங்க இன்னா சொன்னாங்க?" அம்மா ஒரு மாதம் குழாயடிக்குப் போகவில்லை. நான்தான் போனேன். நான்தான் பதில் சொன்னேன்.

இனிமேல் வீட்டில் பெண் காட்டுவதில்லை என்று அம்மா முடிவு செய்தாள். திருவேற்காட்டிலிருந்து வரும் தரகர் அதற்கு ஒரு வழி சொன்னார். வருஷா வருஷம் பட்டணத்தில் பொருட்காட்சி போடுகிறார்கள். ஊரே போகிறது. நீங்களும் போங்கள், அவர்களும் வரட்டும். எதேச்சையாகப் பார்த்த மாதிரி இருக்கும். பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பலர் செய்ததுதான். கோயிலில் செய்வார்கள், பார்க்கில் செய்வார்கள். எங்கள் அம்மா பொருட்காட்சியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வருஷம் எனக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. இருபத்தொரு வயது, இருந்தும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். அம்பத்தூரில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் ஓடினேன். அப்போதெல்லாம் கரி வண்டிதான்.

"ஜன்னலாண்ட ஒக்காராதடி. கண்ணுல கரி உயுந்தா செவந்து பூடும்" என்று அம்மா இழுத்து நடுவில் உட்கார வைத்தாள். தம்பி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சிரித்தான்.

பொருட்காட்சிக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது அந்த ராட்டினத்தைத்தான். நான் அதுவரை பார்த்திருந்தது திருவிழாவில் கையால் சுற்றும் மரத் தொட்டில். இது இரும்பு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சுற்றிலும் விளக்கு. பெண்கள் மேலே போகும்போது கத்துவார்கள், கீழே வரும்போது சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு தடவை ஏற வேண்டும். என் வாழ்க்கையில் வாய் விட்டுக் கேட்டது ரொம்பக் கம்மி. அதைக் கேட்டேன்.

"தல கலைஞ்சிடும். அதெல்லாம் கண்ணாலம் ஆயிட்டு உன் ஊட்டுக்காரரோட வந்து ஏறிக்கோ" என்றாள் அம்மா.

சரி, கல்யாணம் ஆகத்தானே போகிறது, அடுத்த வருஷம் ஏறிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அம்மா என்னை ராட்டினத்தின் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே இரண்டு டியூப் லைட் இருந்தது. அந்த வெளிச்சம் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்று அவள் கணக்கு. ஒரு மணி நேரம் நின்றேன். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். யார் என்று எனக்குத் தெரியாது. தம்பி ராட்டினத்தில் ஏறி இறங்கி, "அக்கா, மேல போனா சமுத்திரம் தெரிது!" என்று மூச்சு வாங்கச் சொன்னான். நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண் கொஞ்சம் குள்ளமாம்.

அதனால் இரண்டாம் வருஷம் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கினார்கள். காலுக்கு இதமான செருப்பு என்று அந்தப் பெண் வாசித்தபோது எனக்குச் சுண்டுவிரல் வலித்தது, சத்தியமாக. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும் என்று மத்தியானத்திலிருந்தே சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜி பொரிகிறது. வாயில் எண்ணெய் படும், கூடாது. அம்மாவும் சாப்பிட மாட்டாள். என் தலைப்பு விலகுகிறதா, பவுடர் திட்டுத் திட்டாக நிற்கிறதா என்று என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பாள். அவளுக்கும் கால் வலித்திருக்கும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

பூந்தமல்லிக்காரர்கள் மூன்று முறை எங்களைச் சுற்றி வந்தார்கள். அப்புறம் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திருவேற்காடு கோயிலில் பகலில் காட்டினோம். அதோடு பேச்சு நின்றது.

மூன்றாம் வருஷம்தான் எல்லாம் கெட்டது.

அந்தத் தடவை நல்ல இடம் என்று தரகர் சொன்னார். பையன் அரசாங்க வேலை. அவர்களுக்கு என் புகைப்படமே பிடித்துவிட்டதாம், நேரில் பார்ப்பது ஒரு சடங்குக்குத்தான். அடையாளமும் சொன்னார். பையன் வெள்ளைச் சட்டை, அம்மாக்காரி கையில் பச்சை ஒயர் கூடை. இதைக் கேட்டுக்கொண்டு அம்மாவும் தலையாட்டினாள். அந்தக் காலத்தில் பொருட்காட்சிக்கு வருகிற பொம்பளைகளில் பாதிப் பேர் கையில் பச்சை ஒயர் கூடைதான் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டியூப் லைட்டடியில் நின்றோம். எதிரே ஒரு குடும்பம் வந்து நின்றது. பச்சைக் கூடை. வெள்ளைச் சட்டைப் பையன். என் வயதை ஒட்டி ஒரு பெண், அவன் தங்கையாக இருக்கும். அவர்களும் எங்களையே பார்த்தார்கள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கொஞ்சம் சிரிச்ச மாரி நில்லேன். வாய மூடிக்கினு சிரி" என்று என் விலாவில் இடித்தாள். எனக்குத் தெற்றுப்பல். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தக் கூட்டத்து அம்மா என்னைப் பார்க்காமல் என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அன்று நைனாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நெட்டையாக நின்றான். எங்களுக்குப் பொறுமை போய், அவர்களுக்கும் பொறுமை போய், இரண்டு அம்மாக்களும் பேச்சுக் கொடுத்தார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அவர்களும் பெண் காட்டத்தான் வந்திருந்தார்கள். உயரமான பையன், கையில் கடிகாரம் என்று அவர்களுக்கு யாரோ அடையாளம் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரமாக இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் பெண் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெரியவர்கள் சங்கடத்தில் வளவளவென்று பேசினார்கள். அந்தப் பெண் என் பக்கம் நகர்ந்து வந்தாள். அவள் காலிலும் குதிகால் செருப்பு.

"அக்கா, ஒங்களுக்கு எத்தினி வருசம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு" என்றேன்.

"எனக்கு ரெண்டு" என்றாள். "இதுல ஒரு தபாவாச்சும் ஏறிக்கிறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவளும் இல்லை என்று தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெற்றுப்பல் தெரிய, வாய் விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த மூன்று வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அந்த நிமிஷத்தில்தான் நிஜ மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக் கடையோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தரகர் வந்து சொன்னார். முன்பின் தெரியாத ஒரு பையனைப் பார்த்து அரை மணி நேரம் புன்னகை, அப்புறம் நடு எக்ஸிபிஷனில் பல் தெரியச் சிரிப்பு. பொண்ணு அப்படிப்பட்ட பொண்ணாம், வேண்டாமாம். அம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். யார் காதில் விழும்? அந்தப் பேச்சு ஆவடி, பட்டாபிராம் வரை போயிற்று. வீட்டில் பெண் காட்டினால் தெருவுக்குத்தான் தெரியும் என்று பயந்தோம். பொருட்காட்சியில் காட்டி ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்று ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். சிரித்தது ஒரு குற்றமா என்றும் ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். எதற்கும் பிரயோஜனம் இல்லை.

நான்காம் வருஷமும் போனோம். தரகர் ஒருவரையும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் யாராவது பார்த்துக் கேட்க மாட்டார்களா என்று அம்மா என்னை அதே டியூப் லைட்டடியில் நிறுத்தினாள். இரண்டு மணி நேரம். யாருக்காக நிற்கிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. ரயிலில் திரும்பும்போது நானாகவே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா இழுத்து நடுவில் உட்கார வைக்கவில்லை.

அதற்குள் அந்தப் பச்சைக் கூடைக்காரர்கள் ஆள் விட்டிருந்தார்கள். எங்கள் தம்பியை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அக்காவை வைத்துக்கொண்டு தம்பிக்கா என்று நைனா ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். அதற்கு மேல் தள்ள முடியவில்லை. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. அன்று என்னோடு நின்று தலையாட்டிய பெண் எங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்தாள். என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. அவள் வந்த வழியைப் பற்றித்தான் வருத்தம்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைக் கூட்டிக்கொண்டு ஐந்தாம் முறை பொருட்காட்சிக்குப் போனோம். எனக்கு வயது இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. தம்பி ராட்டினத்துக்கு டிக்கெட் எடுக்கப் போனான். நான் பழக்கத்தில் நேராக டியூப் லைட்டடிக்குப் போய்த் தலைப்பைச் சரி செய்துகொண்டு நின்றேன். கால் தானாகப் போய் அங்கே நின்றது. வெட்கக்கேடு.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அங்க ஏன்டி நிக்கற? நீயும் அவங்களோட போய் ஏறேன். இனிமே இன்னா கீது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுவிடு என்று சொல்கிற குரலில் சொன்னாள். ஐந்து வருஷமாக நான் கேட்ட ஒன்றைக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணம் ஆனதும் ஏறிக்கொள் என்றவள் இப்போதே ஏறு என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே புரிந்தது எனக்கும் தம்பி பெண்டாட்டிக்கும்தான். அவள் முகம் செத்துப்போயிற்று. டிக்கெட்டோடு வந்த புருஷனிடம், "நீங்க அடுத்த ரவுண்டு ஏறுங்க, நான் அண்ணியோட போறேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிலில் உட்கார வைத்தாள்.

ராட்டினம் கிளம்பியது. தலை கலைந்தது, பூ உதிர்ந்தது. கீழே ஆள் ஏற்றுவதற்காக எங்கள் தொட்டிலை உச்சியில் நிறுத்தினார்கள். சமுத்திரம் தெரியும் என்று தம்பி சொன்னது பொய். அந்தப் பக்கம் வெறும் இருட்டுதான் தெரிந்தது.

"அக்கா, கீய பாக்காதீங்க" என்றாள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

நான் பார்த்தேன். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில், நான் நின்ற அதே இடத்தில், மொடமொடவென்று புதுப் புடவை கட்டின ஒரு பெண் நின்றாள். அவள் அம்மா அவளுக்குத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஏறி வந்துவிடு என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி என் அம்மா மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். அங்கே அவள் எதையாவது தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் உச்சியில் நின்றேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். எத்தனை சுற்று என்று நினைவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவளைத்தான் பார்த்தேன். நாலு வருஷம் என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றவள், அன்று ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.