விழுந்தால் விளம்பரம்

கேபிள் தொழிலில் கம்பி அறுந்தால் ஏணி வைத்துக் கட்டிவிடலாம்; ஆட்டத்தைக் காட்டும் உரிமை ஒரு சேனலிலிருந்து இன்னொரு சேனலுக்குப் போய்விட்டால் எந்த ஏணியில் ஏறியும் ஒன்றும் செய்ய முடியாது.

கேரள எல்லையில், பாறசாலைக்கு உள்ளே மூன்று ஊர்களுக்கு நாங்கள்தான் கேபிள். கம்பத்தில் ஏறுவது என் வீட்டுக்காரர் ராஜன். ஆபீசில் உட்கார்ந்து போன் எடுத்து, பாக்கேஜ் போட்டு, ஏச்சு வாங்குவது ஸ்டெல்லா என்கிற நான். முக்கியமான ஆட்டம் தொடங்கும் நேரத்தில், "இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா கட்டவில்லை" என்ற எழுத்தைப் பார்த்து ரிமோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறீர்களா? அப்போ நீங்களும் நம்ம ஆள்தான். எறிந்த கையோடு நீங்கள் ஏசியது என்னையாகவும் இருக்கலாம், பரவாயில்லை, உட்காருங்கள்.

முதல் பாதி மலையாளம்

சுகுமாரன் டீக்கடையில் டீவி ஒன்று, பாஷை இரண்டு. பெஞ்சில் பாதிப் பேருக்கு மலையாள வர்ணனை வேண்டும், மீதிப் பாதிக்குத் தமிழ். முன்பெல்லாம் இந்தச் சண்டை கிடையாது. எல்லாம் இங்கிலீஷில் வரும், யாருக்கும் புரியாது, எல்லோரும் சமாதானமாக இருந்தார்கள். ஒரு வருஷம் கால்பந்து உரிமை வேறு கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு சேனல் திறந்துவிட்டார்கள். கடையில் கிளாஸ் பறக்காத குறை.

கடைசியில் சுகுமாரன் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பாதி மலையாளம், இடைவேளை டீ, ரெண்டாம் பாதி தமிழ். அதற்காக இரண்டு சேனலும் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும், நம்ம டீம் என்ன ஆச்சு என்று போன் செய்து கேட்டேன். அந்த மனுஷன் கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னார்: "மூணு கோல் வாங்கினது மலையாளத்திலயாக்கும் மக்கா. தமிழ்ல ஒண்ணும் வாங்கல்ல."

பதிமூன்று பேர்

தாசையன் மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் வீடு, அம்பூரியில் கொஞ்சம் ரப்பர் தோட்டம். சீரியல் பார்க்கமாட்டார். செய்தி போட்டால் வாசிக்கிறவனோடு சண்டை பிடிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்து, விரலால் காற்றில் ஒரு முட்டையை வரைந்து காட்டி, "இப்பிடி ஒரு பந்து வச்சு ஆஸ்திரேலியாவில களிப்பானுவ இல்லியா, அந்தச் சேனல் வேணும்" என்றார். சரி, ரக்பி. எனக்கு அந்தப் பெயர் மட்டும் தெரியும். நெய்யாற்றின்கரையில் எங்களுக்கு சிக்னல் தருகிற கம்பெனிக்குப் போன் செய்து, ரக்பி வருகிற சேனலைக் கேட்டுப் போட்டுக் கொடுத்தேன். கேட்டதும் கொடுத்தோமே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மத்தியானமே போன் வந்தது. பந்து முட்டைதான், ஊர் ஆஸ்திரேலியாதான், ஆனால் களி, அதாவது ஆட்டம், இது இல்லையாம். ரக்பியில் இரண்டு வகை உண்டு என்பதும், இரண்டையும் காட்ட உரிமை வேறு வேறு ஆட்களிடம் இருக்கிறது என்பதும், மாமா கேட்ட ரக்பி லீக் எங்கள் எந்தப் பாக்கேஜிலும் இல்லாத ஒரு சேனலில் வருகிறது என்பதும் பிறகு கம்பெனிக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா யாரிடமும் கேட்கவில்லை, எண்ணிவிட்டார். "ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு பேரு நிக்கானுவ பிள்ளே! எனக்கக் களியில பதிமூணுதான். ரெண்டு பேரக் கூட்டிக் காட்டி என்ன ஏமாத்தப் பாக்கியா?"

கம்பத்தில் குற்றமில்லை

சரியான சேனலைத் தனியாக வாங்கிப் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகவில்லை, அடுத்த கம்ப்ளெயிண்ட். எவனாவது அடிபட்டு விழுந்தால் உடனே விளம்பரம் வருகிறதாம், எங்கள் லைனில் கோளாறாம். படம் நடுங்குகிறது என்பார்கள், சத்தம் முன்னால் வருகிறது என்பார்கள், எல்லாம் கேட்டிருக்கிறேன். ஆள் விழுந்தால் விளம்பரம் காட்டுகிற கம்பியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஆட்டம் நிற்கிற இடைவெளி பார்த்து சேனல்காரன் விளம்பரம் போடுகிறான், நாங்கள் என்ன செய்ய என்று தொண்டை வறள விளக்கினேன். ஒப்புக்கொள்ளவில்லை. ராஜன் பாக்ஸை மாற்றினார், வயரை மாற்றினார், அயனி மரத்தடிக் கம்பத்தில் ஏறி முசுறு எறும்பிடம் கடி வாங்கி இறங்கினார்.

மூன்றாவது சனிக்கிழமை நானே போனேன். ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று. மாமா டீவிக்கு முன்னால் முட்டில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பந்து எங்கே போகிறது என்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. ஒருவன் விழுந்தான், மாமா எழுந்தார், சோப்பு விளம்பரம் வந்தது. "கண்டியா! கண்டியா!" என்று என்மேல் பாய்ந்தார்.

அவருடைய மனைவி லீலா மாமி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மகள் பிரின்ஸி ஆஸ்திரேலியாவில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வேலையை விட்டு, அதற்கென்று தனியாகப் படித்து, ஒரு ரக்பி டீமில் அடிபட்டவர்களைக் கவனிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். 'தடியனுவளுக்குக் காலு தடவவா உன்ன நர்சிங் படிக்க வச்சேன், இனி என்கிட்ட பேசண்டாம்' என்று மாமா போனை வைத்தவர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். இவர் எழுந்து வெளியே போய்விடுவார். களத்தில் எவனாவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவள்தான். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவரு களி பாக்கல்ல மக்கா. எவன் விழுவான்னு பாத்துட்டு இருக்காராக்கும்."

எட்டாம் நம்பர்

அதற்குப் பிறகு என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் டீவியிலும் அந்தச் சேனலை வைத்துக்கொண்டேன். நாலு வாரம். விழுகிறவன் விழுகிறான், சோப்பு, பெயிண்ட், சிமெண்ட், மறுபடி ஆட்டம். கர்த்தாவே, யாராவது ஒருத்தன் விழட்டும், பெரிய அடி வேண்டாம், எழும்ப மட்டும் கொஞ்சம் நேரமாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் வேண்டினேன்.

ஐந்தாவது வாரம் எட்டாம் நம்பர் போட்ட ஒரு மலை போன்ற ஆள் விழுந்தான். சிமெண்ட் வந்தது. கொஞ்சம் சீக்கிரமே முடிந்தது. படம் திரும்பி வந்தபோது அவன் ஒரு கை தொங்க வெளியே நடந்துகொண்டிருந்தான். அவன் நெஞ்சுயரம்கூட வராத ஒரு பெண், மஞ்சள் சட்டை, அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். முகத்தைத் திருப்பி யாரிடமோ ஏதோ கத்தினாள். கேமரா பந்துக்குப் போய்விட்டது.

நான் பாய்ந்து போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, கண்டியளா? நம்ம பிரின்ஸிதானே?" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "முடிய வெட்டிட்டா."

ஒப்பு

அடுத்த சனிக்கிழமை அந்த நேரத்தில் பழைய கார் பந்தயம் ஓடியது. கம்பெனிக்குப் போன் செய்தேன். சேனலுக்கு இருந்த ரக்பி ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், அந்த உரிமையை இங்கே யாரும் புதிதாக வாங்கவில்லையாம். "அத இங்க யாரு சேச்சி பாக்கிறது?" என்று கேட்டான். ரெண்டு பேர் என்றேன். சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் ரிமோட்டால் ஒன்று கொடுத்திருப்பேன்.

மாமா அடங்குகிற ஆளா? அந்தக் களி திரும்ப வேண்டும் என்று ஒரு மனு எழுதி, வீடு வீடாக ஏறி ஒப்பு வாங்கினார்; எங்கள் ஊரில் கையெழுத்துக்கு அதுதான் பெயர். சர்ச்சில் மணி அடிக்கிற கப்பியார் போட்டார், பால்காரர் போட்டார், ராஜன் போட்டார். முட்டைப் பந்தைக் கண்ணால் கண்டவர் அதில் ஒருவர்கூட இல்லை. டீக்கடை சுகுமாரன் மட்டும் ஒப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். மனுவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. அந்த வரி இதுதான்: "எந்தக் களியானாலும் ரெண்டாம் பாதி தமிழில் வரவேண்டும்."

எங்கள் லைனில் வராதது

மாமா மூன்று வாரம் தினமும் வந்து, "வந்தாச்சா?" என்று கேட்டார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, சொந்த மகளப் பாக்க எவன்கிட்டயும் உரிமை வாங்கண்டாம்! மாமிக்க போன்ல ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளே வாறா. எழும்பி வெளிய போகாம, இருந்த இடத்தில இருங்க, அது போதும்!" அவர் முகம் சுருங்கிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு போனார். வயசான மனுஷனிடம் இப்படியா வாய் நீளும் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன். "டீவியில கம்ப்ளெயிண்டு. ராஜனையும் கூட்டிட்டு வா." போனோம். டீவிக்கு ஒன்றுமில்லை. மாமா சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் ராஜனிடம் கேட்டார்: "லீலாவுக்க போன்ல வாறத இதில காட்ட முடியுமா? போன்ல சின்னதா இருக்கு, எனக்குக் கண்ணு பிடிக்காது." ராஜன் மாட்டிக் கொடுத்தார். மாமி மகளுக்குப் போன் போட்டார். பிரின்ஸியின் முகம் டீவி நிறைய வந்தது. அம்மா மட்டும் என்று நினைத்து, சாப்பிட்டது என்ன என்று சொல்ல ஆரம்பித்தவள், நாற்காலியில் இருப்பது யார் என்று கண்டதும் நிறுத்திவிட்டாள்.

மாமி சேலைத் தலைப்பைக் கடித்தார். ராஜன் நல்லாயிருந்த வயரை நோண்டினார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று நான் மாமாவையே பார்த்தேன். மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அந்த எட்டாம் நம்பர் பயலுக்கத் தோள் செரியாச்சா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "அப்பா, நீங்க பாத்தியளா?" மாமாவுக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் மட்டும், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கம்ப்ளெயிண்ட் குரல்: "எங்க மக்கா பாக்க விட்டானுவ! நீ ஓடி வரும்போதெல்லாம் சோப்பும் சிமெண்டுமாக்கும் காட்டினானுவ!"

இத்தனை வருஷத் தொழிலில் இடையில் விளம்பரம் வராத நேரடி ஒளிபரப்பு என்று நான் பார்த்தது அது ஒன்றுதான், அதுவும் எங்கள் கேபிளில் வந்தது இல்லை.