பத்தொன்பதாவது கை

கடிதம் மாமியாரின் பெயருக்கு வந்திருந்தது. மாமியார் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்த கணவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, எங்கம்மாவுக்குப் பேப்பரைத் தலைகீழாக் குடுத்தாலும் தெரியாது. வருஷத்துல நானூத்திப் பன்னெண்டு புத்தகம் படிச்சிருக்காங்களாம். சிறந்த வாசகியாம்!"

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் ஒரு நூலகர். இரண்டே அறைகள் கொண்ட அந்த நூலகமும் வேறு பதினெட்டு நூலகங்களும் ஒரே கணினி வலையமைப்பில் இருந்தன. பொதுப் பணத்தில் நடக்கும் அந்த வலையமைப்பைப் பத்தொன்பது நூலகர்களும் சேர்ந்த குழு நிர்வகித்தது. அதிகம் படித்த ஒருவரைக் கௌரவிக்கலாம் என்று குழு சென்ற முறைதான் முடிவு செய்திருந்தது. ஆளைக் கணினி தேடிக் கொடுத்துவிட்டது.

குழுவில் அவருக்கு 'ஆட்சேபணை' என்று பெயர். நான்கு மாடி நூலகமானாலும் இரண்டு அறை நூலகமானாலும் ஓட்டுக்கு ஒரு கைதான் என்ற விதி அவருடைய ஆட்சேபணையால் வந்தது. ஓட்டு சமமானால் தலைவர் இரண்டாவது முறை கை தூக்கும் பழக்கத்தை ஒழித்ததும் அவர்தான். தன் விஷயம் பேசப்படும்போது எவரும் கை தூக்கக் கூடாது என்று எழுத வைத்ததும் அவரே.

அப்படிப்பட்டவர்தான், உறுப்பினர் எண்ணிக்கைக்காக என்றோ மாமியார் பேரில் போட்ட நூலக அட்டையை உயிரோடு வைத்திருந்தார். முகவரிச் சான்று இல்லாதவருக்கு அட்டை கிடையாது என்பது விதி. கட்டட வேலைக்கு வந்து அங்கேயே படுத்துக்கொள்கிறவர்கள், மாதத்துக்கு ஒரு விடுதி மாறுகிறவர்கள் வாசலில் நின்று கேட்டபோது, முதலில் ஒரு புத்தகத்தை அந்த அட்டையில் பதிந்து கொடுத்தார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. யார் எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். புத்தகம் திரும்பியதும் சீட்டைக் கிழித்துவிடுவார்.

விதி எழுதுகிறவருக்கு அது எப்போதும் பிறரைப் பற்றியதாகவே தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் சட்டையை நாற்காலியில போட்டாலே ஆட்சேபணை," என்றார் கணவர். "இப்ப என்ன பண்ணப் போறே? அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்."

"ஆறு வருஷமாவா?"

கூட்டம் நான்கு மாடி நூலகத்தின் மேல்தளத்தில் நடந்தது. அந்த நூலகத்தின் தலைமை நூலகர்தான் குழுத் தலைவர். கடைசியாகப் பரிசு விஷயம் வந்தது.

"அக்கா, உங்க நூலகத்து ஆளாம். மேடைக்கு வருவாங்கல்ல?" என்று கேட்டார் தலைவர்.

"வர மாட்டாங்க. அவங்க எங்க மாமியார். இறந்துட்டாங்க." எழுந்து நின்று முழுவதையும் சொன்னார். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"எடுத்தவங்க பேரெல்லாம்?" என்றார் தலைவர்.

"எங்கிட்ட இல்ல. சீட்டைக் கிழிச்சிடுவேன்."

"திரும்பி வராதது எத்தனை?"

"ஏழு. ஒண்ணு மழையில ஊறி வந்துச்சு." பிறகு அவரே சொன்னார்: "இந்த அட்டையை இன்னிக்கே ரத்து பண்ணுங்க. தப்பு என்னோடதுன்னு குறிப்புல எழுதுங்க."

அட்டை ரத்தானது. அப்போது மருத்துவமனைக்குப் பக்கத்து நூலகக்காரர் எழுந்தார். முகவரி இல்லாதவர்களும் இரண்டு புத்தகம் எடுக்கலாம் என்று விதியையே மாற்றிவிடலாமே என்றார். நோயாளிகளின் உறவினர்கள் வராந்தாவில் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பார்ப்பவர் அவர்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக ஒன்பது கை, எதிராக ஒன்பது கை.

எல்லோரும் பத்தொன்பதாவது கையைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, தூக்குங்க. முடிஞ்சுது கதை," என்றார் எதிராக ஓட்டுப் போட்ட தலைவரே.

"இது என் விஷயம். நான் தூக்கக் கூடாது."

"அப்ப என் ரெண்டாவது ஓட்டையும் நீங்கதானே புடுங்கினீங்க! இனி அடுத்த கூட்டம்தான். மூணு மாசம்."

"தெரியும்," என்று அவர் உட்கார்ந்தார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கையை மடியில் வைத்திருந்ததற்கான விலையைக் கொடுக்கப்போவது வேறு யாரோ. மறுநாள் காலையில் அந்த யாரோ வந்து நின்றார். நாவலின் முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பெயின்டர் அவர், நகங்களில் இன்னும் வெள்ளைச் சுண்ணாம்பு.

"ரெண்டாம் பாகம்மா?"

"வீட்டுக்குக் குடுக்க முடியாதுப்பா. இங்கயே உட்கார்ந்து படி."

"ஆறு மணிக்குத்தான் வேலை விடும். நீங்க அதுக்குள்ள பூட்டிடுவீங்களே."

பெயின்டர் போன பிறகு, நூலகர் இரண்டாம் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். மறுபடி எடுத்து அலமாரியிலேயே வைத்தார்.

மதியம் தொலைபேசி அடித்தது. எதிராகக் கை தூக்கிய ஒன்பது பேரில் ஒருவர்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க நூலகத்துலயும் அப்படி ஒரு அட்டை இருக்கு. எங்க பழைய வாட்ச்மேன் பேர்ல. ஆதரிச்சா மாட்டிக்குவோம்னு பயந்துதான் எதிரா போட்டேன்."

இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன்ல சொன்னா எப்படிப்பா? அடுத்த கூட்டத்துல எழுந்து சொல்லு. குறிப்புல ஏறணும்."

"சொன்னா அப்புறம் என்னாலயும் கை தூக்க முடியாதே அக்கா, உங்க விதிப்படி?"

"முடியாதுதான். ஆனா எதிர்ல இருக்கிற ஒன்பது எட்டாயிடும்ல?"

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கூட்டம் என்னிக்குன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றார் அழைத்தவர்.