ஃபோர்மேன் கொடுத்த மாத்திரை

எங்கள் பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன்தான் வைத்தியர். என் கைக்காயத்தில் சீழ் வைத்தபோது, யாரோ மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டைக் கொடுத்து, "சீசன் நேரத்துல லீவு எதுக்கு? வேலையப் பாரு தாயி" என்றார். காயம் ஆறியது போலிருந்தது. பிறகு கையே வீங்கிவிட்டது.

சாத்தூர் டாக்டரம்மா சொன்னார்: "வளர்ற கிருமியத்தான் இந்த மருந்து கொல்லும். சிலது தின்னாம, வளராமப் பதுங்கிக் கெடந்து தப்பிச்சிரும். மருந்த அரைகுறையா நிறுத்துனா அது மறுபடி பெருகும். அப்புறம் மருந்துக்கே அடங்காததும் உருவாகிரும்."

எனக்கு ஃபோர்மேன் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கு அதிகாரி வந்தால், அனுமதியில்லாத ஷெட்டைப் பூட்டிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பார். ஜீப் கிளம்பியதும் இரண்டு மடங்கு வேலை நடக்கும்.

இப்போது டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை மட்டும், சொன்ன நாள்வரை சாப்பிடுகிறேன். போன வாரமும் ஃபோர்மேன் மாத்திரையை நீட்டினார்.

"வேணாம் அண்ணாச்சி. ஒங்க வகையறாவ என் ஒடம்புல வச்சு வளக்க முடியாது" என்றேன்.