ஓசை ஓயும் வரை தூக்கிய கை

என் மகன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை செய்கிறான். மீசை முளைத்த நாளிலிருந்து அங்கேதான். லீவு நாளில் ஸ்பீக்கர் பெட்டி செய்வான். பலகையை அளந்து அறுத்து, பசை போட்டு ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, எங்கிருந்தோ வரவழைத்த ஸ்பீக்கர்களைப் பொருத்துவான். அவன் பெட்டியில் பாட்டு கேட்டவர்கள், பாடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் எங்கள் பஜனைக் கோயிலில் மார்கழி முழுக்க ஜால்ரா தட்டுவது நான். பாட்டில் சுருதி விலகினால் எனக்குப் பல் கூசும். பிள்ளைக்குக் காது என்னிடமிருந்து வந்தது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச காலமாகப் பெட்டியில் ஏதோ சரியில்லை. தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு கூர்மை. சொன்னால், பழைய ரேடியோ கேட்டுப் பழகிவிட்டாய் என்று சிரிப்பான். வயதாகி என் காதுதான் கெட்டதோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பம்பட்டிலிருந்து ஒரு சார் வந்தார். ஆபீஸ் உத்தியோகம். பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஒரு அறை வைத்திருக்கிறவர். ஒரு ஜோடி பெட்டி சொல்லி வைத்திருந்தார். கேட்டுப் பார்க்க மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவரையும் கூட்டி வந்தார்.

இரண்டு பேரும் கேட்ட விதமே வேறு. சார் கண்ணை மூடிக்கொண்டார். பாடுகிறவர் நடுவில், வயலின் இடது பக்கம், ஒரு முழம் பின்னால் என்று காற்றில் விரல் நீட்டி இடம் காட்டினார். ஆள் ஆளாக இடம் பிரிந்து தெரிந்தால் அவருக்கு அது நிஜம். மிருதங்கக்காரருக்கு இடமெல்லாம் ஒரு பொருட்டில்லை. தோலில் விரல் பட்டு எழுவது தெரிய வேண்டும், கேட்கும்போது தன் உள்ளங்கை வலிக்க வேண்டும் என்றார்.

சற்று நேரத்தில் அவர் முகம் சுளித்தது. "மிருதங்கத்துல இடது பக்கம், அந்தக் கனத்த சத்தம், அப்படியே நிஜம் சார். வலது பக்கத்த அடிச்சாதான் டால்டா டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு."

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. இதுதான் நிஜ சவுண்டு, நீங்கள் இத்தனை நாள் கேட்டது மூடி வைத்த சவுண்டு என்று வாதாடினான். சார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பிள்ளையை என் வீட்டில் வைத்துக் குறை சொல்வதா. எனக்குப் பொறுக்கவில்லை. பஜனைக்குப் புது ஜால்ரா வாங்கும்போது நாங்கள் ஒன்று செய்வோம். ஒருவர் ஒரே தட்டு தட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும். ரீங்காரம் ஓயும்போதுதான் இறக்க வேண்டும். நல்ல வெண்கலமானால் கை கடுத்துப் போகும். முதலில் என் ஜால்ராவை அப்படிக் கேளுங்கள், பிறகு அதையே போனில் பதிந்து பெட்டியில் போட்டுக் கேளுங்கள், யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும் என்றேன். என் பிள்ளையின் கைதான் கடைசியில் இறங்கும் என்ற தைரியத்தில் சொன்னேன்.

மூவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள். நான் பின்னால் நின்று தட்டினேன்.

தட்டிய வேகம் அடங்குவதற்குள் என் மகன் கையை இறக்கிவிட்டான். மற்ற இரண்டு கைகளும் மேலேயே இருந்தன. ஓசை அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அதான் நின்னுடுச்சே. இன்னும் இன்னாத்துக்கும்மா புடிச்சிக்கினு நிக்கிற?"

அவன் பக்கத்தில் இருந்த கைகளைப் பார்த்தான். சார் மெதுவாக இறக்கினார். இன்னும் கொஞ்சம் கழித்து மிருதங்கக்காரர்.

போனில் பதிவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மில்லில் காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்வீர்களா என்று மட்டும் மிருதங்கக்காரர் கேட்டார். அடைத்துக்கொண்டால் தலைக்கு மேல் கிரேன் வருவது தெரியாது சார் என்றான் இவன். காபி வேண்டாம் என்று எழுந்து, அடுத்த வாரம் வருகிறோம் என்று போனார்கள்.

அவர்கள் போனதும் இன்னொரு தரம் தட்டச் சொன்னான். காதோடு வைத்துத் தட்டினேன். ஓய்ந்ததும் சொல்லு என்றான். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஓய்ந்த பிறகுதான் சொன்னேன். தனக்கு எட்டாத சத்தத்தை எட்ட வைக்க, பெட்டியில் கூர்மையான சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறான். அவனுக்கு நிஜமாக இருந்ததுதான் எங்களுக்குத் தகரமாக இருந்திருக்கிறது.

"டாக்டராண்ட போலாம் நைனா."

"போனா இன்னா சொல்லுவாரு? மில்லுக்குப் போவாதன்னுவாரு. விசயம் தெரிஞ்சா காண்ட்ராக்டரே ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. சும்மா இரும்மா."

அந்தப் பெட்டிகளை என்னை எதிரில் உட்கார வைத்துத் திருத்தினான். குறை என்பேன், குறைப்பான். ஒவ்வொரு தரமும் பெட்டியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். மிருதங்கம் மிருதங்கமாக வந்ததும் போதும் என்று கை காட்டினேன்.

"இதுவா? எனக்கு யாரோ போர்வைக்குள்ள பாடற மாதிரி இருக்குதும்மா" என்றான்.

சார் வந்து கேட்டுவிட்டு, அப்படியே எதிரில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது என்று எடுத்துப் போனார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு சரிங்க சார் என்றான்.

இப்போதும் மில்லுக்குப் போகிறான். லீவு நாளில் பெட்டி செய்கிறான். முன்பெல்லாம் முடித்ததும் நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்து கேட்பான். இப்போது பாட்டைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறான். நல்லாருக்குதா என்று வாசலிலிருந்து கேட்பான். பாட்டு ஓடும்போது நான் சொல்வது அவன் காதில் ஏறாது. எழுந்து போய், எதிரில் நின்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.