ஐந்து பேர் உட்கார்ந்த சஹன்

அலவி நானா இறந்த நாற்பதாம் நாள் கத்த விருந்தில் நெய்ச்சோறு வந்து இறங்கியதும் பந்தியில் ஒருவர் சொன்னார்: "மூடி வைங்க, சோத்து அலவி எழும்பி வந்திருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதுளைக் கடைத்தெருவில் அலவி நானாவைத் தெரியாதவர் கிடையாது. தையற்காரர். அவருடைய வாப்பா துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியவர். மகனாவது உட்கார்ந்து பிழைக்கட்டும் என்று ஒரு தையல் மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டு மௌத்தாகிக் கண்ணை மூடினார். அந்த மெஷினை அலவி நானா மஹ்ரூப் ஹாஜியாரின் புடவைக்கடை விறாந்தையில் போட்டிருந்தார். அந்த விறாந்தையில் இருப்பவனுக்கு இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும்: "சரி ஹாஜியார்." திங்கள் முதல் சனி வரை அவர் அதைத்தான் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் மைதானத்துக்குப் போய், ஆறு நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்துவார். விளையாட்டின் சட்டம் அவருக்குத் தெரியாது. விசில் ஊதினால் அநியாயம் என்பார். ஊதாவிட்டால் படு அநியாயம் என்பார். சாமான் வாங்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் சனம் அந்தக் குரலை வைத்தே யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாப்புள, அங்க நிக்கிற ரெண்டு மணித்தியாலம்தான் நான் மனுசன்." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மாப்புள என்றது என்னைத்தான். நான் தாஸிம். அவருடைய தங்கச்சி றமீலாவைக் கட்டி, அவர் வீட்டிலேயே குடியேறியவன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது மாப்பிள்ளையின் பீங்கான் தட்டுக்கு. வீட்டைக் கட்டி ஆளுகிறவர் வெறும் சம்பலோடு எழும்பிப் போவார். அந்த ஒரு முட்டையை நான் வருஷக் கணக்காகத் தின்றேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், முதல் வாரம் இருந்தது.

இனி கிளப்புக்கு வருகிறேன். இளம்பிறை கிளப் என்று பெயர். பந்து ஹாஜியாருடையது. சட்டைகள் ஹாஜியாருடையவை, கடையில் விலைபோகாத ஊதாத் துணியில் தைத்தவை. மைதானமும், சவுக்கு மரக் கோல் கம்பங்களும், அந்தக் கம்பத்தில் கட்டியிருந்த ஆடும்கூட அவருடையவை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் அவரே. கூட்டம் போட்டால் உட்கார ஒரு கதிரை போதும். எங்களுக்கென்று இருந்தது தொண்டை மட்டும்தான்.

ஆனாலும் அந்தக் கிளப் நன்றாக விளையாடியது. காரணம் நல்லையா. தோட்டத்தில் பிறந்தவன். பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்து சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கினான். வெறுங்காலோடு நடுவில் நின்று விளையாடுவான். அவன் காலில் பந்து பட்டால் அலவி நானா சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். அவர் சும்மா இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ரயில் வந்த அடுத்த வருஷம் ஹாஜியாரின் மகள் ஜெனீராவுக்குக் காலியிலிருந்து மாப்பிள்ளை பேசினார்கள். பெயர் நஸீர். வீடு கேட்டார்கள், கொடுத்தார். நகை கேட்டார்கள், கொடுத்தார். பேச்சு முடிந்து வெற்றிலைத் தட்டைத் தூக்கப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை மெதுவாக, தனக்கும் பந்து விளையாட்டில் கொஞ்சம் ஆசை உண்டு என்றாராம். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டார். ஹாஜியார் கிளப்பையும் நல்லையாவின் இடத்தையும் சீதனத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

கலியாணத்துக்கு முன்னாலேயே நஸீர் வந்து சீமைச் சப்பாத்துப் போட்டு விளையாடினார். அந்தச் சப்பாத்தில் சேறு படக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார். பந்து சேற்றில் உருண்டு வந்தால் வழிவிட்டு நிற்பார். இரண்டு ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். நல்லையாவுக்கு வேறு வேலை கிடைத்தது: ஓரத்தில் நின்று மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்துக்கொள்வது.

எங்களுக்கு வயிறு எரிந்தது. முதலில் மனுக் கொடுத்தோம். மனு எழுதுகிற புவாத் மூன்று பக்கம் எழுதினார். ஹாஜியாரின் தயாளம், அவருடைய குலம், அவர் தாடியின் அழகு எல்லாம் எழுதிய பிறகு, மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் நல்லையாவைக் கேட்டிருந்தார். இரண்டாம் பக்கம் வாசிக்கும்போதே ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும், போதும்" என்று வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். இன்றைக்கும் தொங்குகிறது.

அடுத்ததாக, ஒருவரும் ஆட்டம் பார்க்கப் போவதில்லை என்று தீர்மானித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை யார் யார் தீர்மானத்தை மீறிப் போயிருக்கிறார்கள் என்று பார்க்க எல்லோரும் போனோம். அவ்வளவு கூட்டத்தை அந்த மைதானம் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஹாஜியாருக்கு மகா சந்தோஷம்.

கடைசியில்தான் அலவி நானாவுக்குச் சஹன் யோசனை வந்தது. எங்கள் கலியாண விருந்தில் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் கோழிப் பொரியலை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். ஆறு பேர் சேராமல் ஒருவரும் கை வைப்பதில்லை. ஆள் சேராத சஹன் வீட்டுக்காரருக்கு மானக்கேடு. ஊர் அவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். ஜெனீராவின் கலியாணம் வியாழக்கிழமை பகல். பண்டாரவளையோடு கிண்ண ஆட்டம் அடுத்த ஞாயிறு. ஊர் ஆண்கள் எல்லோரும் விருந்துக்குப் போவது, சஹனுக்கு ஐந்து பேராக உட்காருவது, ஆறாவது இடத்தைக் காலியாக விடுவது. ஞாயிற்றுக்கிழமை நல்லையா நடுவில் நிற்பான் என்று ஹாஜியார் சொல்லும்வரை சோற்றைத் தொடுவதில்லை.

தேத்தண்ணிக் கடையில் சத்தியம் செய்தோம். மீறினால் என்ன தண்டனை என்று கேள்வி வந்தபோது, தனக்குத் தெரிந்ததில் மிகக் கொடியதை அலவி நானா சொன்னார்: "மொதல்ல கை வெக்கிறவன் மௌத்தாகும் வரைக்கும் மைதானத்துல வாய் தொறக்கப்படாது. அல்லாஹ் மேல சத்தியம்." ஒவ்வொருவராகச் சொன்னோம். நானும் உரக்கச் சொன்னேன்.

விஷயத்தைச் சொல்ல நானும் அவரும் சரக்குக் கொட்டகைக்குப் போனோம். நல்லையா மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான். "எனக்காக யாரும் பட்டினி கெடக்க வேணாங்க நானா. அதுக்கு எங்க லயத்துல நெறைய ஆளு இருக்காங்க" என்றான். பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

வியாழக்கிழமை வந்தது. விருந்துச் சோற்றுக்கு வயிற்றில் இடம் வேண்டும் என்று நான் காலையில் முட்டையைக்கூடத் தொடவில்லை. தொடக்கூடாத சோற்றுக்கு எதற்காக இடம் ஒதுக்கினேன் என்று கேட்காதீர்கள். அலவி நானாவும் நானும் ஒரே நீலக்கோடு போட்ட துணியில் சட்டை போட்டிருந்தோம். தனக்குத் தைத்த துணியில் மாப்பிள்ளைக்கும் ஒன்று தைக்காமல் இருப்பாரா? ஒரே சஹனில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்தோம்.

நிக்காஹ் காவின் எழுதி முடிந்து சஹன்கள் வந்தன. ஊர்க்காரருக்கு இருபது, காலியிலிருந்து வந்தவர்களுக்குப் பத்து. எங்கள் இருபதிலும் ஐந்து ஐந்து பேர். கை கழுவினோம். சும்மா இருந்தோம். காலிக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் கோழியைப் பார்த்தோம். ஹாஜியார் ஓடி வந்தார். ஒரு சஹனைக் கலைத்து மற்றதில் ஆள் நிரப்பப் பார்த்தார், ஒருவரும் நகரவில்லை. அன்றைக்குப் பதுளையில் எல்லோருக்கும் முழங்கால் வலி.

அலவி நானாவுக்கு முன்னால் வந்து நின்றார். "என்ன பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க? தின்னுங்க!"

"ஆறு பேர் சேரல்ல ஹாஜியார்" என்றார் அலவி நானா. விறாந்தையில் பேசும் குரல் அல்ல அது.

"ஆறாவது ஆள் எங்க?"

"சரக்குக் கொட்டகையில மூட்டை தூக்குறான்."

ஹாஜியார் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி உத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நெய்ச்சோற்றில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஹாஜியார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவர் இறங்கி வருகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "சரி," என்றார். "ஞாயித்துக்கிழமை..."

சோறு ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் விரலை வைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். ஆறவில்லை. விரல் பக்கத்திலிருந்த கோழித்துண்டில் பட்டது. ஆறாவது ஆளின் துண்டு. சொந்தக்காரன் இல்லாத துண்டு. அது எப்படி என் வாய்க்குள் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னாலிருந்தவர்களுக்குத் தெரிந்தது நீலக்கோடு போட்ட ஒரு சட்டைக் கை மட்டும். "அலவி நானா கை வெச்சிட்டாரு!" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலில் கோபத்தைவிட ஆறுதல்தான் அதிகம். பிஸ்மி சொல்லி இருபது சஹனிலும் நூறு கை விழுந்தது. ஹாஜியார் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தின்னுங்க, தின்னுங்க" என்று சிரித்தபடியே போனார்.

அலவி நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையக் கோழி. அவர் தன் கையைச் சோற்றுக்குள் வைத்து ஒரு பிடி எடுத்தார். சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "பசி தாங்கல்ல. நான்தான்." எங்கள் சஹனில் இருந்த மற்ற மூன்று பேரும் உண்மையைப் பார்த்தவர்கள்தான். அவர்களுக்கு அப்போது கோழியில் வேலை இருந்தது.

அன்று பின்னேரம் நான் அவரிடம் போய், எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "வேணாம் மாப்புள. தங்கச்சி நாலு வீட்டுக்குப் போய் வாறவ. அவ தல குனியப்படாது" என்றார். ஹாஜியார் மாப்பிள்ளைக்காகக் கிளப்பைக் கெடுத்தார் என்று ஊரைத் திரட்டியவர் இவர். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. ஆனாலும் சொல்லக் கொண்டுபோன உண்மையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் என் பீங்கானில் முட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிடம் ஏழு கோல் வாங்கினோம். அன்றிலிருந்து அவருக்குச் சோத்து அலவி என்று பெயர். சத்தியத்தை மட்டும் அவர் மீறவில்லை. ஒரு ஆட்டம் தவறாமல் வந்தார். மூலையில், ஆடு கட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றார். மழையென்றால் மழையில் நின்றார். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. நான் கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினேன். எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

நல்லையா எப்படித் திரும்பி வந்தான் தெரியுமா? மனுவாலும் இல்லை, சத்தியத்தாலும் இல்லை. மூன்றாம் வருஷம் நஸீருக்குப் பந்து சலித்துவிட்டது. மோட்டார் கார் கேட்டார். ஹாஜியார் கார் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு நல்லையா நடுவில் நின்றான்.

போன வருஷம் மறுபடியும் பண்டாரவளையோடு ஆட்டம். அலவி நானாவுக்கு அப்போதே நெஞ்சு நோய். நடக்க முடியாத அவரை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கடைசி நேரத்தில் நல்லையா காலில் பந்து பட்டது. மூன்று பேரைத் தாண்டினான். பந்து சவுக்குக் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. மைதானமே எழும்பிக் குதித்தது. அலவி நானாவின் வாய் திறக்கப் பார்த்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. பார்க்க முடியாமல், என்ன செய்வது என்று தெரியாமல், நான் அவர் பக்கத்தில் நின்று அவருக்கும் சேர்த்துக் கத்தினேன்.

நாடாவை வாயிலிருந்து எடுத்தார். ஒருவருக்கும் கேட்காதபடி என் காதுக்குள் சொன்னார்.

"சத்தம் காணாது மாப்புள. இன்னம் கொஞ்சம் பலமாப் போடுங்க."